பதினெட்டு நாள் பச்சை

ஐப்பசி மழை யாருக்கு ஆகிறதோ இல்லையோ, விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளுக்கு ஆகவே ஆகாது. கார்த்திகை தீபத்துக்கு ஊர் ஊராக அகல் விளக்கு அனுப்ப வேண்டிய நேரம் பார்த்துத்தான் வானம் பிடித்துக்கொள்ளும். அச்சிலிருந்து எடுத்த விளக்கு பலகையில் இரண்டு நாள் கிடந்தாலும் ஈரம் விடாது. ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் உள்ளேயே வெடித்துச் சில்லு சில்லாகிவிடும். மேஸ்திரி பழமலைநாதன் ஆறு மின்விசிறிகளைத் தரையில் வைத்து ஓட விட்டு, விளக்கு வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி வானத்தையும் கரண்டையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருப்பார்.

செல்வநாயகி அந்தக் கம்பெனியில் பிசிறு துடைக்கிறவள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் விளக்கைச் சுற்றி ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் லேசாகச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் மறைந்துவிடும். கொஞ்சம் அழுத்தினாலும் விளக்கு நசுங்கும். ஒரு நாளைக்கு எழுநூறு விளக்கு என்று பன்னிரண்டு வருடமாகத் துடைத்த கை அது. அப்பேர்ப்பட்ட கை அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்குள் நாலு விளக்கை நசுக்கிவிட்டது.

"என்னா செல்வநாயகி, ஒடம்பு சரியில்லியா?" என்றார் மேஸ்திரி.

"ஒடம்புக்கு என்னாங்க, நல்லாத்தான் இருக்குது."

அதுதான் அவளுடைய தொல்லையே. அவள் உடம்பு நன்றாக இருக்கிற விஷயம் பதினெட்டு நாளாக அரசாங்கத்துக்கே தெரியும். இளமதியின் உடம்பு என்ற பெயரில் தெரியும்.

இளமதி அவளுடைய ஓரகத்தி. செல்வநாயகியின் கணவன் தங்கராசுவின் தம்பி மதிவாணனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தவள். இருபத்து மூன்று வயது, தாயில்லாத பெண். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு என்று போக அவளுக்கு வழியில்லை. மசக்கையில் வாந்தி எடுத்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டதும், நடுப்பகலில் மாங்காய் கேட்டபோது தேடி வாங்கி வந்ததும் செல்வநாயகிதான். செல்வநாயகிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. அதைச் சொல்லிக்காட்ட மாமியார் திரௌபதி நாள் கிழமை பார்த்ததில்லை. குழம்பில் உப்பு கூடினாலும், குழாயில் தண்ணீர் நின்றாலும் பேச்சு அங்கேதான் வந்து முடியும்.

இளமதிக்கு நாலு மாதம் நடந்தபோது சுகாதார நிலையத்து நர்ஸம்மா நீலாவதி ஒரு கைப்பட்டையைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு திட்டத்தில் நாற்பது பட்டைகள் வந்திருந்தன. பார்க்கக் கடிகாரம் மாதிரிதான். நாடித்துடிப்பு, பிரஷர், உடம்புச் சூடு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அளந்து வீட்டுப் போனுக்கு அனுப்பும். போன் நர்ஸம்மாவின் டேப்லெட்டுக்கு அனுப்பும். நன்றாக இருந்தால் பச்சை. கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள். ஆபத்தென்றால் சிவப்பு.

"அஞ்சு ஊருக்கு நான் ஒருத்திதான். தெனம் வந்து பாக்க எனக்குக் காலு கெடையாது. இது என் கண்ணுன்னு வெச்சிக்க. குளிக்கிறப்பகூட கழட்டாத" என்று சொல்லி, இளமதியின் ஆதாரைப் பதிந்து, அவளைப் போட்டோவும் பிடித்து, பட்டையைக் கட்டிவிட்டுப் போனார்.

அந்த ஆதாரும் போட்டோவும்தான் வினையாகப் போயின. பேர் போட்டுப் பதிந்தாகிவிட்டது, இனி அது யார் கையில் இருந்தாலும் இளமதியைத்தான் பார்க்கும் என்று திரௌபதி முடிவுகட்டிவிட்டாள். ரேஷன் கார்டை யார் எடுத்துக்கொண்டு போனாலும் அரிசி அந்தக் குடும்பத்துக்குத்தானே கிடைக்கிறது? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அரசாங்கம் கொடுத்த எதுவும் அந்த வீட்டில் அப்படித்தான் வேலை செய்திருக்கிறது.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று செல்வநாயகியே விடியலில் எழுந்து கிளறினாள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த அத்தை முறைக்காரி வளையலை ஏற்றும்போது பட்டை குறுக்கே நின்றது.

"இந்தக் கருமத்த மொதல்ல அவுருங்கடி. வளையலு ஏற மாட்டேங்குது" என்று அவளே கழற்றி மடியில் போட்டாள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் ஏறியது. இனிமேல் பிள்ளை பிறக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்புக்காரி கையிலிருந்து இரண்டு வளையலை எடுத்துப் பிள்ளைக்கு ஏங்குகிறவள் கையில் போட்டால் அவளுக்கும் தரிக்கும் என்பார்கள். கூட்டத்தில் எல்லாருடைய கண்ணும் செல்வநாயகி மேல் போயிற்று. அவள் சோற்றுக் குண்டானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் திரௌபதி கூப்பிட்டாள்.

"ஏ செல்வநாயகி, இங்க வா. கைய நீட்டு."

வளையலைப் போட்டாள். பிறகு மடியில் கிடந்த பட்டையையும் எடுத்தாள். "இதுவும் மாசமா இருக்கிறவ கையில மூணு மாசமா கெடந்ததுதான். வளையலு வேற, இது வேறயா? மூணு வெள்ளிக்கெழம கழட்டாம போட்டுக்க. நம்ம வூட்டுல இன்னொரு தொட்டிலும் ஆடட்டும்."

ஒன்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. இளமதி வளையல் குலுங்கச் சிரித்தாள். "போட்டுக்கக்கா. எனக்கு அது ஒரே அரிப்பு. ஒனக்கு நல்லது நடக்கட்டும்."

மறுநாள் காலையில் நர்ஸம்மா போன் செய்தார். மதிவாணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"இளமதி, சூப்பர்ம்மா. நாடி நல்லா இருக்குது, பிரஷரு நல்லா இருக்குது. இந்த நாப்பது பேருல நீதான் எனக்குத் தலவலி குடுக்காதவ."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். செல்வநாயகியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கம்பெனிக்கு நடந்து போகும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. அவள் உடம்பை நல்ல உடம்பு என்று யாராவது சொல்லி அவள் கேட்டதேயில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் குறை தேடிய உடம்பு அது. வேறொருத்தி பெயரில் வந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தானே?

நாலாம் நாள் நர்ஸம்மா கோபித்துக்கொண்டார். "ஒம்போதாயிரம் அடி நடந்திருக்க. என்னா பண்ற நீ? மூட்ட தூக்குறியா?"

திரௌபதிதான் பதில் சொன்னாள். "பழமலைநாதரு கோயில சுத்தறாம்மா. வேண்டுதலு." போனை வைத்துவிட்டு, "பாத்தியா, எல்லாத்தையும் வேவு பாக்குது" என்று பட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அது யார் நடந்த நடையைக் காட்டுகிறது என்பது அப்போதாவது அந்த வீட்டில் ஒருவருக்கு உறைத்திருக்க வேண்டும். செல்வநாயகிக்கு உறைத்தது. உறைத்ததை விழுங்கிவிட்டாள். மூன்று வெள்ளிக்கிழமையும் பாக்கி இருந்தது.

எட்டாம் நாள் இளமதியின் கால் வீங்கியது. மாசமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் முகம் வீங்கியது. மழைக்காலத்து நீர் என்றாள் திரௌபதி. அவளுக்கே மழையில் இருமல் பிடித்திருந்தது. சாயங்காலம் வெந்நீரில் இளமதியின் காலை வைத்துத் தேய்த்துவிட்டபோது, செல்வநாயகி விரல் வைத்து அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. பச்சைக் களிமண்ணில் விரல் பதிகிற மாதிரி.

"நோவுதா?"

"காலு நோவல. தலதான் நோவுது. அக்கா, நாளைக்குக் கருவாட்டுக் கொழம்பு வெக்கிறியா? வாயெல்லாம் சப்புன்னு இருக்குது."

"வெக்கிறேன். தல எப்பேர்ந்து நோவுது?"

"ரெண்டு நாளா. வுடு, பச்சையாதான இருக்குது?"

செல்வநாயகி தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி, இளமதியின் இடது கை வளையல்களை மேலே தள்ளிவிட்டுக் கட்டிப் பார்த்தாள். மூன்று மாதம் அந்தக் கையில் நடு ஓட்டையில் நின்ற பட்டை இப்போது கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. வளையலுக்கு மேலே புஜத்தில் சுற்றிப் பார்க்கவும் நீளம் போதவில்லை. அதற்குள் திரௌபதி வந்துவிட்டாள்.

"என்னாடி பண்ற?"

"இல்லத்த, இவ கையிலயே ஒரு நாளு இருக்கட்டுமேன்னு..."

"மூணாவது வெள்ளிக்கு முன்னாடி கழட்டுனியா? ஒனக்காவத்தான் பத்து பேரு முன்னாடி நான் கட்டிவுட்டேன். ஒனக்கே வேணாம்னா எனக்கு என்னா வந்துது?"

செல்வநாயகி மறுபடி தன் கையில் கட்டிக்கொண்டாள். இங்கேதான் எனக்கு அவள் மேல் கோபம். ஆனால் ஒன்பது வருடம் தண்ணீர் காட்டாத செடிக்கு ஒரு சொம்பு ஊற்றினால் அது என்ன நியாயம் பேசும்? அடுத்த ஐந்து நாளும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நர்ஸம்மா நேரில் வந்தால் பார்த்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வரவில்லை. மழைக்குக் காய்ச்சல் முகாம் போட்டு நர்ஸம்மாவை அலைக்கழித்தார்கள். பச்சை காட்டுகிற வீட்டுக்கு எதற்கு முதலில் போக வேண்டும் என்று அவரும் விட்டுவிட்டார். செல்வநாயகி கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். உப்பாகத்தான் இருந்தது. இளமதி இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டாள்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. ஐந்தாவது விளக்கு நசுங்கியபோது போன் அடித்தது. மதிவாணன்.

"அண்ணி, இளமதி ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. தல வெடிக்குதுன்றா. கண்ணுல பூச்சி பறக்குதாம். நர்ஸம்மாகிட்ட பேசிட்டேன். பச்சையாதான் இருக்குது, பித்தமா இருக்கும், சனிக்கெழம வரேன்னாங்க. நீங்க வர்றப்ப சோடா ஒண்ணு வாங்கியாங்க."

"தம்பி, அந்தப் பச்ச என்னுதுப்பா."

"என்னா அண்ணி? இளமதின்னு பேரு போட்டுத்தான காட்டுது?"

அவனோடு வழக்காட நேரமில்லை. "இளமதிகிட்ட போனக் குடு" என்றாள்.

"அக்கா, நீ எப்ப வருவ?" என்றாள் இளமதி. நாக்கு தடித்தவள் பேசுகிற பேச்சு.

செல்வநாயகி ஸ்பாஞ்சை வாளியில் போட்டாள். நாளைக்கு மூன்றாவது வெள்ளி. இன்னும் ஒரே ஒரு நாள். சொன்னால் அந்த வீட்டில் என்ன பேச்சு வரும் என்பது அவளுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். மலடி கட்டிக்கொண்டாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்பார்கள். பிறக்கிற பிள்ளையை ஆயுசுக்கும் தொட விட மாட்டார்கள். களிமண் காய்ந்து வெளுத்துப் போயிருந்த பட்டையை அவிழ்த்து டிபன் பையில் போட்டுவிட்டு, நர்ஸம்மாவின் நம்பரை அழுத்தினாள்.

"நர்ஸம்மா, இளமதியோட ஓரகத்தி பேசுறேங்க. செல்வநாயகி."

"இப்பதானம்மா மதிவாணன்கிட்ட சொன்னேன். பயப்பட ஒண்ணுமில்ல. நூத்திப் பதினாறுக்கு எழுவத்தாறு..."

"அது என்னுதுங்க."

"என்னா?"

"அந்தப் பட்ட என் கையில இருந்துதுங்க. வளகாப்புலேர்ந்து."

"எத்தினி நாளு?"

"பதினெட்டு."

"காலு, மொவம்?"

"காலு பத்து நாளா, மொவம் ஆறு நாளா வீங்கியிருக்குதுங்க. இன்னிக்குக் கண்ணுல பூச்சி பறக்குதுன்றா."

"அடிப்பாவி" என்றார் நீலாவதி. உடனே குரல் மாறியது. "மதிவாணன் ஆட்டோ வெச்சிருக்கான்ல? 108க்கு நிக்க வேணாம். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்து. நான் சொல்லி வெக்கிறேன். ஓடு."

ஓடினாள். மேஸ்திரி கூப்பிட்டதும் காதில் விழவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டு வாசலில் மதிவாணன், "பச்சையா இருக்குது அண்ணி, நர்ஸம்மாவே சொன்னாங்க" என்று போனைக் காட்டினான். அதைத் தட்டிவிட்டு உள்ளே போய் இளமதியை அப்படியே தாங்கித் தூக்கி வந்து ஆட்டோவில் உட்கார வைத்தாள். திரௌபதியும் இருமிக்கொண்டே ஏறினாள்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி. ஜங்ஷனுக்குள் இடம் கிடைக்காமல் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றேவிட்டது. மதிவாணன் இறங்கிப் போய் கேட்டைப் பிடித்து உலுக்கினான், திரும்பி வந்து ஹாரனை அடித்தான், மறுபடி இறங்கினான். இளமதியின் தலை செல்வநாயகியின் மடியில் இருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இருட்டா இருக்குது."

"மழ இருட்டுடி. கண்ண மூடிக்க."

"பச்சையா இருந்துச்சே, பச்சையா இருந்துச்சே" என்று திரௌபதி புலம்பிக்கொண்டே வந்தாள். வண்டி நகர்ந்து கேட் திறக்கப் பதினாறு நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இளமதிக்கு வலிப்பு வந்தது. கண்ணாடி வளையல் ஸ்ட்ரெச்சர் கம்பியில் மோதி நொறுங்கியது.

பிரஷர் நூற்றெண்பது. ஊசி போட்டு வலிப்பை நிறுத்திவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். அதற்குள் நீலாவதி நனைந்த புடவையோடு டேப்லெட்டை அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார்.

"மூணு வாரமா நார்மல். இன்னிக்குத் திடீர்னு ஏறுச்சா?"

நீலாவதி செல்வநாயகியைப் பார்த்தார். தங்கராசுவும் தன் வேலையிலிருந்து வந்து தூணோரம் நின்றான். கணவன், கொழுந்தன், மாமியார் என்று அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"அது என்னோட கணக்குங்க டாக்டர்" என்றாள் செல்வநாயகி. "பட்டய நான் கட்டியிருந்தேன். அவளுக்குக் காலு பத்து நாளா வீங்கியிருக்குது. மொவம் ஆறு நாளா. தலவலி எட்டு நாளா. ஒண்ணுக்குக் கொஞ்சமாத்தான் போவுது."

"இவ்ளோ கவனிச்சிருக்க. ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

திரௌபதி வாயைத் திறக்கவில்லை. பத்துப் பேர் நடுவில் பட்டையை எடுத்துக் கட்டிவிட்ட கை, அங்கே முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. தங்கராசு தரையைப் பார்த்தான். மதிவாணன் அண்ணியை இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். ஒரு குடும்பமே சேர்ந்து செய்த முட்டாள்தனத்தை ஒருத்தி தலையில் இறக்கிவைக்க அவர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இளமதிக்கு நினைவு திரும்பவில்லை. அப்போதுதான் திரௌபதிக்கு வாய் திரும்பியது.

"ஒன் கண்ணுதாண்டி. ஒனக்கு இல்லாதது அவளுக்கு இருக்குதேன்னு நெனச்சிக்கிட்டே கட்டியிருந்த. இனிமே அந்தப் புள்ள பக்கம் வந்த, அவ்ளோதான்."

செல்வநாயகி வீட்டுக்குப் போகவில்லை. மருந்துச் சீட்டு வாங்க, ரத்தத்துக்கு ஆள் பிடிக்க, கஞ்சி வாங்கி வர என்று மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். குழந்தைகள் இருக்கும் அறையின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை வந்து போனது, அவளுக்குத் தெரியக்கூட இல்லை.

சனிக்கிழமை காலை இளமதி கண் விழித்தாள். பார்வை வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்க இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அன்றைக்கே குழந்தை அறையின் சிஸ்டர் வெளியே வந்தார்.

"பாப்பா தானா மூச்சு விடுது. இனிமே பெட்டிச் சூடு மட்டும் போதாது. மாரோட அணச்சி வெச்சிக்கணும், தோலு மேல தோலு படணும். அம்மாவால முடியாது. வூட்டுல பொம்பள யாரு இருக்கீங்க?"

"நான் அப்பாயி" என்று திரௌபதி முன்னால் போனாள். போகும்போதே இருமினாள்.

"இந்த இருமலோட உள்ள வுட முடியாதும்மா. வேற யாரு?"

குற்ற உணர்வில் தினமும் வந்துபோய்க்கொண்டிருந்த நீலாவதி சுவரோரம் நின்றிருந்தார். டேப்லெட்டைத் திறந்து சிஸ்டரிடம் நீட்டினார்.

"மாடிப்படியில நிக்கிற அந்தம்மாவ வெச்சிக்கலாம் சிஸ்டர். பதினெட்டு நாளா ராப்பகலா பாத்திருக்கேன். காய்ச்சலு இல்ல, பிரஷரு இல்ல, நாடி சுத்தம். கடைசி அஞ்சு நாளு தூக்கம் மட்டும் இல்ல."

"அவளா? அவ வாணாம்" என்றாள் திரௌபதி.

"அப்ப யாரு வருவா, சொல்லுங்க. புள்ள எட கொறஞ்சிக்கிட்டே போவுது" என்றார் சிஸ்டர்.

சொல்லத் திரௌபதிக்கு ஆள் இல்லை.

செல்வநாயகியைக் கை கழுவச் சொல்லி, பச்சைத் துணிச் சட்டை கொடுத்து, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். களிமண் வெடிப்பு நிறைந்த கையைப் பார்த்துப் பயந்து அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகில் வைத்தார். உள்ளங்கை அளவு முதுகு. எவ்வளவு அழுத்த வேண்டும், எவ்வளவு அழுத்தக் கூடாது என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. துணியால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினார்கள்.

"ரெண்டு மணி நேரம் அசையாம இருக்கணும்."

"இருக்கறேங்க."

சிஸ்டர் வாசலில் நோட்டைத் திறந்தார். "பேரு செல்வநாயகி. புள்ளைக்கு என்னா ஒறவு? எழுதணும்."

அந்த வார்த்தையைச் சொல்ல இன்னும் தனக்கு உரிமை இருக்கிறதா என்று செல்வநாயகிக்குத் தெரியவில்லை. சிஸ்டர் திரௌபதியைப் பார்த்தார். திரௌபதி சுவரைப் பார்த்தாள், இருமினாள், முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"ஏம்மா, சொல்லுங்க. ஒறவு என்னா?"

"பெரியம்மாதான்" என்றாள் திரௌபதி எரிச்சலோடு. "பின்ன யாராம்? பட்டய நான்தான் கட்டிவுட்டேன், அதயும் எழுதிக்க."

செல்வநாயகிக்குக் கேட்டது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால், கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.